சித்தப்பாவின் கட்டிங்கும் 36 கிராமும்

"தினமும் கொஞ்சம் குடித்தால் மூளைக்கு நல்லதாமே, படித்தேன்" என்றார் சித்தப்பா. ராத்திரி ஒரு கட்டிங், அதாவது அரைக் குவார்ட்டர், 90 மில்லி; அதற்கு மேல் தொடாத மனுஷன். அவர் படித்த செய்தியின் வேரைத் தேடினேன்.

லண்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் 'வைட்ஹால் 2' ஆய்வுதான் பலரும் சுட்டுவது. 2014-இல் வந்த கட்டுரையில் 5,054 ஆண்கள், 2,099 பெண்கள். நடுத்தர வயதில் எவ்வளவு குடித்தார்கள் என்று பத்து வருடக் கணக்கு எடுத்து, அப்புறம் இன்னொரு பத்து வருடம் நினைவாற்றலைச் சோதித்தார்கள். இருபது சொற்களைக் காட்டிவிட்டு எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பதும் அதில் ஒன்று. நாளுக்கு 36 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் போன ஆண்களின் நினைவாற்றல், அளவாகக் குடித்தவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு வயது கூடுதலாக மூப்படைந்திருந்தது.

சரி, 36 கிராம் என்றால் எவ்வளவு? நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம். கட்டிங்கில் 30. அதற்கு மேல் ஒரு மடக்கு போதும், கோட்டைத் தாண்டியாயிற்று.

சித்தப்பா கவனிக்காத இடம் இன்னொன்று. குறைவாகக் குடித்த ஆண்களுக்கு, தொடவே தொடாதவர்களைவிட எந்த லாபமும் அதில் தெரியவில்லை. குடிக்காத பெண்களுக்குத்தான் சில சோதனைகளில் சரிவு வேகமாக இருந்தது. 'மது நல்லது' என்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குடிக்காதவர் எல்லாரும் ஒரே ரகமா? உடம்பு சரியில்லாமல் விட்டவர், மாத்திரை சாப்பிடுவதால் தொடாதவர் என்று யார் யாரோ அந்தப் பட்டியலில் வந்துவிட முடியும். அதிகம் குடித்த பெண்களோ அந்த ஆய்வில் மிகக் குறைவு. அவர்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஆனால் பெண் உடம்பில் நீர் குறைவு, அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் போதை அதிகம் ஏறும். இது பழைய பாடம். பிரிட்டனில் 2016-இல் ஆண்களுக்கான வரம்பையும் பெண்களுடையதற்கே இறக்கினார்கள்: வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். இரண்டு குவார்ட்டர்கூடத் தேறாது.

இதையெல்லாம் சொன்னதும், "நான் கட்டிங்தானே" என்றார். வழக்கமாக ஊற்றும் அளவுக்கு அதே டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பேத்தியின் பால் பாட்டிலில் அளந்தேன். 120 மில்லி. பாட்டிலில் கோடு தப்பாகப் போட்டிருக்கிறான் என்கிறார்.