ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்து போகாதவர்கள்

ஓய்வுபெறும் ஓர் ஆட்டக்காரருக்கு ரசிகர்கள் மனதாரத்தான் மரியாதை செலுத்துகிறார்களா, அல்லது நிகழ்ச்சி நிரலில் இருப்பதால் கைதட்டுகிறார்களா என்று கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு யார் எழுந்து போகாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் ஏற்பாடு.

2019 மார்ச் 21 இரவு டோக்கியோ டோம் அரங்கில் நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் அந்த ஆண்டுத் தொடக்க ஆட்டங்கள் இரண்டை ஜப்பானில் வைத்திருந்தார்கள். சியாட்டில் மாரினர்ஸ் அணிக்கும் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணிக்கும் போட்டி. அது இரண்டாவது ஆட்டம். மாரினர்ஸ் அணியின் 45 வயது ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி 51ஆம் எண் சட்டையுடன், களத்தின் வலப்பக்கக் கடைக்கோடியில் தன் பழைய இடமான ரைட் ஃபீல்டில் நின்றுகொண்டிருந்தார். இன்றோடு அவர் விடைபெறுகிறார் என்ற செய்தி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜப்பானிய ஊடகங்களில் வந்துவிட்டது. 46 ஆயிரம் பேர் நிறைந்த அரங்கில் அது கைபேசி கைபேசியாகப் பரவியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு இல்லை, மேடை இல்லை, மாலை இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறை மட்டையோடு வரும்போதும் கூச்சல் ஏறிக்கொண்டே போனது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கிரிக்கெட்டில் ஓட்டங்களை எண்ணுகிறோம். பேஸ்பாலில் ஒரு மட்டையாளரின் பெருமையை ‘ஹிட்’ கணக்கில் பார்ப்பார்கள். பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக முதல் பேஸையோ அதற்கு அப்பாலோ எட்டினால் அது ஒரு ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று கிடைத்தாலே பெரிய ஆள். இச்சிரோ ஜப்பானில் ஓரிக்ஸ் புளூவேவ் அணிக்கு ஒன்பது பருவங்கள் ஆடி 1,278 ஹிட்கள் எடுத்துவிட்டு, 27 வயதில் அமெரிக்கா போய் இன்னும் 3,089 எடுத்தவர். 2001 முதல் 2010 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு இருநூறுக்குக் குறையாமல். 2004இல் ஒரே பருவத்தில் 262. அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை.

அப்படிப்பட்டவர் அந்தக் கடைசி இரவில் எடுத்த ஹிட் எத்தனை தெரியுமா? பூஜ்யம். நான்கு முறை மட்டை பிடித்தார், நான்கு முறையும் அவுட். கடைசி வாய்ப்பு எட்டாவது இன்னிங்ஸில் வந்தது. பந்து ஷார்ட் ஸ்டாப் என்ற களத்தடுப்பாளர் பக்கம் உருண்டது. இருபது வயதுப் பையனைப்போல் ஓடினார். இளமையில் இதே மாதிரிப் பந்துகளில் எத்தனையோ முறை எறிபந்தை முந்திக்கொண்டு பேஸைத் தொட்டவர், இப்போது ஓரடி பிந்திப்போனார். அந்த ஓரடிக்குத்தான் 45 வயது என்று பெயர்.

எதிரணி ஆடும் பாதியில் அவர் மீண்டும் களத்துக்குப் போனார். அப்போது மேலாளர் ஸ்காட் சர்வைஸ் ஆட்டத்தை நிறுத்தி அவரைத் திரும்ப அழைத்தார். ரைட் ஃபீல்டிலிருந்து, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் வரை நடந்து வரும் தூரம் முழுக்க அரங்கம் எழுந்து நின்றது. சக ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். அன்றுதான் மேஜர் லீகில் தன் முதல் ஆட்டத்தை ஆடிய ஜப்பானிய பிட்சர் (பந்து வீசுபவர்) யூசெய் கிகுச்சி, இச்சிரோவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, குலுங்கிக் குலுங்கி அழுதார். எதிரணியினரும் கைதட்டினார்கள். இதுவரை நடந்தது அழகுதான். ஆனால் இதில் மேலாளரின் கை இருக்கிறது, இதை எந்த நல்ல அணி நிர்வாகமும் செய்துவிடும்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையில் சிக்கிப் பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. மாரினர்ஸ் 5-4 என்று வென்றது. மணி பதினொன்றை ஒட்டிவிட்டது. டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும்; மறுநாள் வெள்ளிக்கிழமை, அலுவலகம் உண்டு. இச்சிரோ எப்போதோ உள்ளே போய்விட்டார். திரும்பி வருவார் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் போகவில்லை. வெறுமையான மைதானத்தைப் பார்த்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடமல்ல, இருபது நிமிடத்துக்கு மேல். கடைசியில் அவர் வெளியே வந்தார். மைதானத்தைச் சுற்றி நடந்தார், கையை உயர்த்திக் காட்டினார், போனார். ஒலிபெருக்கிப் பேச்சு எதுவும் இல்லை.

காணொளியில் பார்த்தவன்தான் நானும். எனக்கு மிகவும் பிடித்தது அவர் வந்ததல்ல. வருவாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த இருபது நிமிடம்.

அன்றிரவு நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய செய்தியாளர் சந்திப்பு ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் போயிற்று. (முடிவை நெருங்கும்போது, பசிக்கிறது என்றும் சொன்னார்.) வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, இன்று அரங்கில் கண்ட காட்சிக்குப் பிறகு வருத்தம் இருக்க வழியே இல்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். ஜப்பானியர்கள் உணர்ச்சியை வெளியே காட்டத் தெரியாதவர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாராம். அந்த எண்ணம் அன்றோடு தலைகீழாகிவிட்டதாம். தன் நாட்டு ரசிகர்களைப் பற்றி ஒருவர் 45 வயதில், கடைசி நாளில், புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

இதில் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 2018 மே மாதம் மாரினர்ஸ் அவரை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுத்து, அணி நிறுவனத் தலைவரின் சிறப்பு உதவியாளர் என்றொரு பதவியைக் கொடுத்தது. 2019 பயிற்சி ஆட்டங்களில் 25 வாய்ப்பில் இரண்டே ஹிட். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஜப்பானில் நடந்த இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் 25 பேருக்குப் பதில் 28 பேர் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. டிக்கெட் விற்கும், சட்டை விற்கும், தொலைக்காட்சியில் கூட்டம் பார்க்கும். ஆகவே இது விளம்பரம் என்கிறார்கள்.

சரி, விளம்பரம்தான். அவரை டோக்கியோவுக்குக் கூட்டி வந்ததில் வணிகக் கணக்கு இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டிக்கெட் காசு முதல் இன்னிங்ஸுக்கு முன்பே கல்லாவில் விழுந்துவிட்டது. பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்குப் பிறகு கடைசி ரயிலைப் பணயம் வைத்து உட்கார்ந்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்? அதை எந்த நிறுவனமும் விற்கவில்லை. மேலும் ஒரு விஷயம்: 2018 மே முதல் அந்தப் பருவத்தின் இறுதி நாள் வரை, ஆட இடமில்லை என்று தெரிந்தும், அணியோடு சேர்ந்து தினமும் பயிற்சி செய்தவர் அவர். தன் சாதனைகளையெல்லாம் விட அந்த மாதங்களைத்தான் தன் சிறிய பெருமையாக அந்தச் சந்திப்பில் குறிப்பிட்டார். சாதனைகளை யாராவது இளையவர்கள் ஒரு நாள் முறியடிப்பார்கள், அந்த நாள்களை இன்னொருவர் செய்வது கடினம் என்ற பொருளில். அதை அறிந்த ரசிகனுக்கு பூஜ்யம் ஹிட் ஒரு பொருட்டா?

அமெரிக்காவில் வேறு ஒரு வழக்கம் வளர்ந்துவிட்டது. பருவம் தொடங்கும் முன்பே ஓய்வை அறிவித்துவிட்டு, ஊர் ஊராக விடைபெறுவது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டர் 2014 பிப்ரவரியில் அறிவித்தார், அதுவும் முகநூலில்தான். அதன்பின் போன இடமெல்லாம் பரிசு. ஹூஸ்டனில் கௌபாய் பூட்ஸ் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு அவருடைய சகா மரியானோ ரிவேராவுக்கு மின்னசோட்டா அணி உடைந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி ஒன்றைக் கொடுத்தது. மட்டைகளை உடைப்பதில் அந்தப் பிட்சருக்கு இருந்த பெயருக்கு ஏற்ற பரிசு, சிரிக்கவும் வைக்கும். எனக்கு இந்தச் சுற்றுப்பயணங்கள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒரு நிர்வாகம் இன்னொரு நிர்வாகத்துக்குச் செய்யும் மொய் போல இருக்கிறது. ஆனால் ரிவேரா ஒரு காரியம் செய்தார்: போன ஒவ்வொரு அரங்கிலும் டிக்கெட் கிழிப்பவர், சமையலறையில் வேலை செய்பவர், பல ஆண்டு ரசிகர் என்று சிலரை அழைத்து உட்கார்ந்து பேசினார். அந்த நாற்காலியை மறந்துவிடுவேன், இதை மறக்க மாட்டேன்.

ஜீட்டரின் கடைசி ஆட்டமும் எனக்குப் பிடித்ததே. பாஸ்டனில், பரம எதிரியின் ஃபென்வே பார்க் அரங்கில் நடந்தது. ஆண்டுக்கணக்காக அவரைக் கேலி செய்து கத்திய கூட்டம் அன்று எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. எதிரியின் ரசிகன் எழுந்து நிற்பது, சொந்த ரசிகன் அழுவதைவிட எடை கூடியது என்பேன்.

இச்சிரோவுக்கும் இதில் அனுபவம் உண்டு. அமெரிக்காவுக்குப் போன புதிதில் ஜப்பானுக்கே திரும்பிப் போ என்று அடிக்கடி கத்தினார்களாம். அந்தச் சந்திப்பில் அவரே சொன்னார். 2001 ஏப்ரலில் ஓக்லண்ட் அரங்கில் அவர் மேல் நாணயங்களை வீசினார்கள். திறமையைக் காட்டிய பிறகு அதே நாட்டு ரசிகர்கள் காட்டிய மரியாதைக்குத் தனி வேகம் இருந்தது என்றும் சொன்னார். வட்டத்துக்குள் நுழைவது கஷ்டம், நுழைந்துவிட்டால் உறவு கெட்டி என்பது அவர் கணிப்பு. அவர் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் நையாண்டியும் இருந்தது, நன்றியும் இருந்தது. அமெரிக்கா போய்த்தான் வெளிநாட்டுக்காரனாக இருப்பது என்றால் என்னவென்று தெரிந்தது, அதனால்தான் அடுத்தவர் வலியை எண்ணிப் பார்க்க முடிந்தது என்று சொல்லித்தான் அந்த இரவின் பேச்சையே முடித்தார். கடல் கடந்து போய் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ரசிகர்கள் இப்படிக் காத்திருக்க அவர் என்ன செய்தார் என்று கேட்டால், புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு இரண்டு கதைகள் சொல்வேன்.

1995 ஜனவரி 17இல் கோபே நகரத்தைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓரிக்ஸ் அணியின் சொந்த ஊர் அதுதான். வேறு ஊரில் ஆடலாமா என்ற பேச்சு எழுந்தபோதும் கோபேயிலேயே ஆடினார்கள். துணிந்து நில் கோபே என்ற பொருள்படும் வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு ஆடி, அந்த ஆண்டே, ஜப்பானின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான பசிபிக் லீகை வென்றார்கள். இச்சிரோவுக்கு அப்போது 21 வயது. வீடு இழந்தவர்கள் அரங்குக்கு வந்து பார்த்த ஆட்டக்காரர் அவர்.

இன்னொன்று, 2004. ஒரே பருவத்தில் 257 ஹிட் என்ற ஜார்ஜ் சிஸ்லரின் சாதனை 1920இலிருந்து அப்படியே நின்றது. சியாட்டிலில் அதை முறியடித்த கையோடு இச்சிரோ ஓடிய திசை பார்வையாளர் பக்கம். அங்கே சிஸ்லரின் 81 வயது மகள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். அதோடு விடவில்லை. 2009இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு ஆட்டத்துக்காகப் போனபோது மனைவியுடன் சிஸ்லரின் கல்லறையைத் தேடிப் போய் மலர் வைத்தார். பலர் மறந்துவிட்டிருந்த ஒரு மனிதரின் பெயரை அமெரிக்கர்களுக்கே நினைவூட்டியவர் ஜப்பானிலிருந்து வந்தவர். மூத்தவர்களை அப்படி மதித்தவருக்கு இருபது நிமிடம் அதிகமா?

2025இல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்கு இச்சிரோ தேர்வானபோது 394 வாக்குகளில் 393 விழுந்தன. ஒரே ஒரு செய்தியாளர் வாக்களிக்கவில்லை. யார் என்று இன்னும் வெளியே தெரியவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார் இச்சிரோ. ஜூலையில் நடந்த விழாவில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அந்த ஒருவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் டோக்கியோவில் வீட்டுக்குப் போக வழியில்லாமல் போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தவர்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெயர் மறைத்த அந்த வாக்குச் சீட்டு மிகவும் சின்னதாகத் தெரிகிறது.

ரசிகனாக இருப்பதன் சுவை அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. 2018இல் ச்சிபென் வகாயாமா என்ற பள்ளியின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்கப் போனவர், அங்கே மாணவர்கள் வாத்தியங்களோடு திரண்டு உற்சாகப்படுத்திய விதத்தில் மயங்கிவிட்டார். அந்தப் பள்ளியின் பெயரையே இரவல் வாங்கி, ஓய்வுக்குப் பிறகு ‘கோபே ச்சிபென்’ என்று நண்பர்களோடு ஓர் அணி தொடங்கினார். 2019 டிசம்பரில் அவர்களுடைய முதல் ஆட்டம், அந்தப் பள்ளியின் ஆசிரியர்களோடு. ஒன்பது இன்னிங்ஸும் தானே பந்து வீசினார். அத்தனை பெரிய மனிதர், பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஓர் ஓட்டமாவது விட்டுக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.