வயிற்று நெறிகட்டி என்றாலே காசநோய் அல்ல

"குழந்தையின் ஸ்கேனில் வயிற்று நெறிகட்டி தெரிந்தால் அது பிரைமரி காம்ப்ளெக்ஸ்தான் (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலைக் காசநோய்), 6 மாத மருந்தை உடனே தொடங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. பதறி நிற்கும் பெற்றோரை அது வீணாக அலைக்கழிக்கும். சளி, வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் தொற்றுகளை ஒட்டிக் குடலைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்கள் வீங்குவது, அதாவது நெறிகட்டுவது, பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம்; நலமாக ஓடியாடும் குழந்தையின் ஸ்கேனில்கூட 5 மில்லிமீட்டர் கணுக்கள் தெரிவதுண்டு. பெரும்பாலும் ஓய்வும் நீராகாரமும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலும் போதும், ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. சில வாரங்களில் வலி தானே அடங்கிவிடும். எடை குறைவது, காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிப்பது, வீட்டில் காசநோயாளி இருப்பது போன்றவை இருந்தால்தான் காசநோய்ச் சந்தேகத்துக்கு இடமுண்டு. நான் அஞ்சுவது குடல்வால் அழற்சியை (அப்பெண்டிசைட்டிஸ்) தவறவிடுவதைத்தான்: தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, குதிக்கச் சொன்னால் பிள்ளை முகம் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.