காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, வீட்டுக்கு?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். டிவியில் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட ஊர் அது, யாரையும் நம்பி உட்காராமல் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். என் கேள்வி வேறு. பாலத்தில் ஏற்றிய காருக்கு ஏதோ ஒரு இன்சூரன்ஸ் நிச்சயம் இருந்திருக்கும். கீழே விட்டுவந்த வீட்டுக்கு இருந்திருக்குமா?

பெரும்பாலும் இருந்திருக்காது. காருக்கு, அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டியாவது சட்டப்படி கட்டாயம். வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இருபது வருட இஎம்ஐ போட்டு வாங்கிய வீட்டில் தண்ணீர் புகுந்தால் ரேஷன் கடை டோக்கனுக்காகக் காத்திருக்கிறோம். மிக்ஜாமுக்கு அரசு தந்தது குடும்பத்துக்கு 6,000 ரூபாய். தினக்கூலி வீட்டுக்கு அந்த வாரத்தில் அது பெரிய தொகை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டில் ஒரு ஃபிரிட்ஜுக்குக்கூட அது காணாது.

'ஹோம் லோன் எடுத்தபோதே பேங்க்காரன் இன்சூரன்ஸ் போட்டுவிட்டானே' என்பார்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள். பல பேரிடம் இருப்பது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி. அது வீட்டுக்கானது அல்ல, கடனுக்கானது. தண்ணீர் வந்தால் ஒரு பைசா வராது.

வீட்டுக்கு என்று தனியாக இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, புயலோடு வெள்ளமும் உள்ளே சேர்ந்தே வரும், தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே கவர் ஆகும். மனையின் விலை இதில் சேராது, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. அதனால்தான் பிரீமியம் நாம் பயப்படுகிற அளவுக்கு இருப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். இதை எந்த ஏஜெண்டும் வலிய வந்து சொல்வதில்லை. கமிஷன் வேறு பாலிசிகளில் கிடைக்கும்போது ஏன் சொல்லப்போகிறார்?

பாலிசி இருந்தாலும் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அபார்ட்மெண்ட்டில் பேஸ்மெண்ட் பார்க்கிங். மிக்ஜாம் தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் ஆசையாகப் போய் கார் சாவியைத் திருகினார். ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு சீட்டுக்கும் வயரிங்குக்கும் சரி என்றார், இன்ஜினுக்குக் கை விரித்துவிட்டார். அண்ணனிடம் இருந்தது ஃபுல் கவர்தான், ஆனால் கூடுதல் பணம் கட்டித் தனியாக எடுக்க வேண்டிய இன்ஜின் புரொட்டெக்ட் ஆட்-ஆன் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

சரி, இதெல்லாம் தனிமனிதர் செய்துகொள்ளக்கூடியது. ஆனால் எல்லாரும் பாலிசி எடுத்துவிட்டால் தீர்ந்ததா? இன்சூரன்ஸ் ஓடுவதே, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் நஷ்டம் வராது என்ற கணக்கில்தான். வெள்ளத்தில் ஒரு தெருவே மொத்தமாகக் கிளைம் கேட்கும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடத்துக்கே அவ்வளவு பெய்யாது. பழைய மழைக் கணக்கை வைத்து விலை போட்ட கம்பெனி, வருடா வருடம் ரெனியூவலில் பிரீமியத்தை ஏற்றும், இல்லையென்றால் அந்தப் பின்கோடே வேண்டாம் என்று ஒதுங்கும்.

பிரிட்டனில் இதற்கு 'ஃப்ளட் ரீ' என்று ஒரு திட்டம் 2016-ல் தொடங்கியது. வீட்டுக் காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களிடமும் ஒரு தொகை வசூலித்து, வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் பாலிசி கிடைக்கச் செய்கிறார்கள். 2039 வரைதான் ஓடும். எனக்குப் பிடித்தது அதில் உள்ள ஒரு நிபந்தனை. 2009 முதல் கட்டிய வீடுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே தாழ்வான இடத்தில் கட்டிவிட்டு, செலவை ஊரார் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்த நிபந்தனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அடி வாங்குவது வீடு வாங்கியவர்தான். ஏரிப் புறம்போக்கை ஒட்டி 'லேக் வியூ' என்று பெயர் வைத்து விற்ற பில்டர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அனுமதி கொடுத்த அதிகாரி ரிட்டயர் ஆகியிருப்பார். 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சொன்னது. யார் தலை உருண்டது?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். மனை, ஃப்ளாட் எதுவாக இருந்தாலும் வில்லங்கச் சான்றில் பழைய பதிவுகள் இருப்பது போல, கிரயப் பத்திரத்தில் அந்த இடத்தில் 2015-லும் 2023-லும் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதையும் எழுத வேண்டும். விற்பவர் மறைத்தால் அவரே நஷ்டஈடு கட்டட்டும். ரியல் எஸ்டேட் விலை விழும் என்று கத்துவார்கள். விழட்டுமே.