பெல்ட்டுக்குள் பணம் வைத்திருந்தால் உங்களுக்கு என்னங்க?

அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள், தேடிப் போக வேண்டாம். விமான நிலையத்தில் ஒரு பெரியவர் சட்டையை லேசாகத் தூக்கி, இடுப்பு பெல்ட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து நிதானமாக எண்ணுகிறார். யாரோ ஒரு தம்பி தள்ளி நின்று அதைப் படம் பிடித்து, பின்னால் ஒரு மியூசிக்கும் போட்டு, "இன்னுமாய்யா இப்படி?" என்று கேட்டு, தன் கார்டை மெஷினில் ஒரு தட்டுத் தட்டிச் சிரிக்கிறார். கீழே நம் ஆட்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என் நட்பு வட்டத்திலேயே பதினேழு பேர். எண்ணினேன். எண்ணுவது கேவலம் என்று இப்போதுதானே தெரிந்துகொண்டேன்!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வெளிநாடு போகும்போது பணத்துக்கு ஒரே ஒரு வழியை நம்பிப் போகாதீர்கள். கார்டு மட்டும் என்பதும் தப்பு, ரொக்கம் மட்டும் என்பதும் தப்பு. அந்தப் பெரியவர் சட்டைப் பையில் இரண்டு கார்டு இருந்ததா இல்லையா என்று தம்பிக்குத் தெரியுமா? கேட்டாரா?

"பெல்ட்டோடு பறிகொடுத்தால் என்ன செய்வார்?" என்று வருவீர்கள். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். போன ரொக்கம் போனதுதான். கார்டு தொலைந்தால் ஆப்பைத் திறந்து பிளாக் பண்ணலாம். இந்தப் பயத்துக்காகத்தான் ஒரு காலத்தில் டிராவலர்ஸ் செக் இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891லேயே கொண்டுவந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, செலவழிக்கும்போது இன்னொன்று. தொலைந்தால் நம்பரைச் சொல்லி மாற்று வாங்கலாம். இன்று அதை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதே அபூர்வம். அதனால்தான் சொல்கிறேன், முழுப் பணத்தையும் இடுப்பில் கட்டாதீர்கள், ஒரு பகுதியை மட்டும் வையுங்கள். இதைச் சொன்னால் பழைய பஞ்சாங்கமாம்.

"ரொக்கம் மாற்றினாலே நஷ்டம்." விமான நிலைய கவுன்ட்டரில் மாற்றினால் நஷ்டம்தான், யார் இல்லை என்றது? 'கமிஷன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போர்டு இருக்கும். வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. ஆனால் தட்டுகிற தம்பி மட்டும் ஏமாறவில்லையா? அதே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மெஷின் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறது. இந்த ஊர்ப் பணத்திலா, உங்கள் நாட்டுப் பணத்திலா? தம்பி பெருமையாகத் தன் நாட்டுப் பணத்தை அமுக்குகிறார். அங்கேதான் ஐயா வெட்டு! அப்படி அமுக்கினால் ரேட்டைப் போடுவது உங்கள் வங்கி இல்லை, கடைக்காரர் பக்கம் இருக்கும் நிறுவனம். அவர்கள் லாபமும் அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். ஏடிஎம்மும் இதே கேள்வியைக் கேட்கும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இந்தக் கூத்து தாங்காமல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் எனச் சட்டமே வந்தது. காட்டினாலும் படிக்க வேண்டுமே. நம் கவனம்தான் பக்கத்தில் நிற்பவர் பெல்ட்டில் இருக்கிறதே.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டு ரொக்கம் எடுக்கும் புத்திசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. கடையில் தேய்த்தால் பில் கட்டும் கடைசித் தேதிவரை கிடைக்கும் அவகாசம் அங்கே பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி.

"ஸ்வீடன் போய்ப் பாருங்க மேடம், ரொக்கமே வாங்க மாட்டான்." சரி. பல கடைகளில் வாங்க மாட்டார்கள்தான். நீங்கள் ரஷ்யா போய்ப் பாருங்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கி கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது. தங்க கலரில் இருந்தாலும் செய்யாது. நாட்டுக்கு நாடு வேறு வேறு, அதனால் இரண்டும் வேண்டும். எத்தனை தடவைதான் சொல்வது!

இவ்வளவு சூடாகிறாளே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் குடும்பமாக ஐரோப்பா போனோம். பெரியம்மாவும் வந்திருந்தார். கழுத்தில் மாட்டிய ஒரு துணிப்பை, அதற்குள் யூரோ நோட்டுகள். எல்லாம் சின்ன நோட்டுகள், பெரிய நோட்டைச் சில்லறை கடைகளில் வாங்கத் தயங்குவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். கூடவே ஒரு குட்டி நோட்டுப் புத்தகம், செலவு எழுத. நாங்கள் சிரித்தோம். நாங்கள் என்ன, நான்தான் சிரித்தேன். "பெரியம்மா, நடமாடும் பேங்க் போறாங்க பாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு கார்டு, வீட்டுக்காரரிடம் ஒரு கார்டு. இரண்டு இருக்கிறதே என்ற மிதப்பு. இரண்டும் ஒரே வங்கி, ஒரே கணக்கு! ஓட்டலில் முன்பணம் என்று கணிசமான தொகையை முடக்கி வைத்தார்கள். அது எடுத்த பணம் இல்லை, பூட்டி வைத்த பணம். டெபிட் கார்டில் பூட்டினால் நம் சொந்தக் காசுதான் மாட்டிக்கொள்ளும் என்பதே அங்கே போய்த்தான் உறைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் டிக்கெட் எடுக்கும்போது, வெளிநாட்டில் ஏதோ சந்தேகமான செலவு நடக்கிறதென்று வங்கி கணக்கையே நிறுத்திவிட்டது. உறுதிப்படுத்த ஓடிபி அனுப்பியிருக்கிறார்கள். எந்த நம்பருக்கு? ரோமிங் போடாமல் வீட்டு மேஜை டிராயரில் கழற்றி வைத்துவிட்டு வந்த சிம்முக்கு.

மெஷின் முன்னால் நிற்கிறேன். பின்னால் வரிசை. யாரோ நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். பெரியம்மா பக்கத்தில் வந்து, துணிப்பையைத் திறந்து, நோட்டுகளை எடுத்து எண்ணினார். நிதானமாக, அந்த வீடியோவில் இருப்பவர் எண்ணுவது போலவே. இரண்டு நாள் சாப்பாடு, டிக்கெட், எல்லாருக்கும் அவர் பணம்தான். அப்போதும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது உங்க பேங்க் தப்பு, ரொக்கத்துக்கு என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். எழுதுங்கள். பின்னால் வரிசை நிற்கும்போது யார் தப்பு என்று யோசித்துக்கொண்டிருங்கள்.

அந்தத் தம்பியை நான் ஏன் இவ்வளவு திட்டுகிறேன் என்று எனக்கே புரிகிறது. அவர் வீடியோ போட்டார், நான் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெரியவரின் முகத்தையாவது மறைத்திருக்கலாம். அவர் வீட்டிலும் போன் இருக்கும், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் பெரியம்மாவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தயங்கித் தயங்கி மன்னிப்பெல்லாம் கேட்டேன். அவர் குட்டி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார், கண்ணாடியை மாட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும். நான் வாங்கின ரேட்டுல தர்றியா, இன்னைக்கு ரேட்டுலயா?" என்றார்.