555 டைமர் ஐசி போலியல்ல, செய்திதான் தவறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “மின்வெட்டு விளக்குக்கு 555 டைமர் செய்கிறீர்களா? இரண்டாம் காலில் 9 வோல்ட்டைத் தொட்டால் ஓடும். ஓடாவிட்டால் ஐசி போலி.” 555 என்பது, பொத்தானை அழுத்தியதும் விளக்கைக் குறிப்பிட்ட நேரம் எரியவிடப் பயன்படும் சிறு மின்னணுச் சில்லு (ஐசி). அதன் இணைப்புக் கம்பிகளைத்தான் கால்கள் என்கிறோம்.

உண்மை நேர்மாறானது. இரண்டாம் காலின் மின்னழுத்தம், கொடுத்த மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போதுதான் உள்ளே இருக்கும் ஃபிளிப்-ஃபிளாப் (இரு நிலைகளில் ஒன்றில் நிற்கும் சுற்று) நிலைமாறி டைமர் ஓடத் தொடங்கும். 9 வோல்ட் பேட்டரி என்றால் 3 வோல்ட்டுக்குக் கீழே. ஆகவே 10 கிலோ ஓம் மின்தடையால் அந்தக் காலை 9 வோல்ட்டோடு பிணைத்துவிட்டு, பொத்தானை அந்தக் காலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில் வையுங்கள். நான்காம் காலை நேர்முனையில் இணைக்க மறக்காதீர்கள்.

“எனக்கு ஓடியதே!” என்பவர்களும் இருக்கிறார்கள். ஓடியிருக்கும். எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட காலில் விரல் பட்டாலே போதும், சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் மின் இரைச்சல் அதைத் தூண்டிவிடும். அது தற்செயல்.

நேரத்தைத் தீர்மானிக்க 100 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போட்டால் விளக்கு சுமார் 11 விநாடி எரியும், இரண்டையும் பெருக்கி 1.1 ஆல் பெருக்கும் கணக்கு. பொத்தானை அதைவிட நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அணையாது. அதுவும் ஐசியின் குற்றமல்ல.

எந்த நிறுவனத்தின் 555 தரவுத்தாளிலும் ‘டிரிகர்’ (இரண்டாம் காலின் பெயர்) வரியைப் பார்த்துச் சரிபார்க்கலாம். நண்பர் ஒருவர் குப்பையில் போட்ட நான்கு ‘போலி’களை எடுத்துச் சோதித்தேன், நான்கும் ஓடின. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.