வளைவில் கட்டிய கம்பி

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் ஒற்றையடிப் பாதையின் இரண்டாவது வளைவில், இரு மரங்களுக்கு நடுவே கழுத்தளவு உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்த கம்பியைப் பற்றி எல்லோரும் அறிவீர்கள். மிதிவண்டியில் வந்த அந்தப் பையன் உயிர் தப்பிவிட்டான் என்பதால் பேச்சும் அடங்கிவிட்டது. எனக்கு மனம் அடங்கவில்லை. கட்டியவர் யாரென்று தெரியாது. ஆனால் மிதிவண்டிக்காரர்களைக் குறித்து "இவர்களுக்கு இது வேண்டியதுதான்" என்று எழுதியவர்களில் பலர் என்னோடு ஆண்டுக்கணக்கில் அந்தப் பாதையில் நடந்தவர்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கம்பியை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஒரு முனை மட்டும் மரத்தைச் சுற்றிக் கிடந்தது. வேலிக்குப் போடும் மெல்லிய, சாம்பல் நிறக் கம்பி. முடிச்சு இறுகிய இடத்தில் பட்டை கிழிந்து பால் கசிந்திருந்தது. அவ்வளவு வலுவாக இழுத்திருக்கிறார்கள்.

கம்பி கட்டியது தவறு என்றால், "நீங்கள் மிதிவண்டியால் அடிபட்டிருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்" என்கிறார்கள். அடிபட்டவன்தான் பேசுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே சரிவில் ஒரு மிதிவண்டி மோதி மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். மோதியவர் "மணி அடித்தேனே" என்றார். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது. மணி அடித்துவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. வேகமாக வருபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிகளை அனுமதித்தபோதே, நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் அவை வழிவிட வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. எனக்கு வேண்டியதும் அந்த விதிதான். வளைவுக்கு முன் வேகத்தைத் தணிக்கும் திருப்பம் வேண்டும், எதிரே வருபவர் தெரியும்படி புதரை வெட்ட வேண்டும், இடமிருந்தால் மிதிவண்டிகள் இறங்குவதற்குத் தனித்தடம் வேண்டும். கம்பி இவற்றில் எதையும் செய்யாது.

மிதிவண்டிகளால் மண் அரிக்கிறது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சரிவில் நேர்க்கோடாக இறங்கும் எந்தப் பாதையையும் மழைநீர் ஓடையாக்கிவிடும். சேற்றை ஒதுக்கி ஓரமாக நடந்து பாதையை அகலப்படுத்துவது நாமும்தான்.

"நடப்பவர்களுக்கே முதல் உரிமை" என்ற வாதத்தைத்தான் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். அதையொட்டி ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். வேட்டைப் பறவைகளுக்காகக் காக்கப்பட்ட அந்த நிலத்தில் அன்று அத்துமீறியவர்கள் நடப்பவர்கள்தான். நம்மைப் போன்றவர்களை ஒரு காலத்தில் விரட்டிய அதே குரலில் இன்று நாம் இன்னொருவரை விரட்டுகிறோம். இதைச் சொன்னதற்கு என்னை 'மிதிவண்டிக்காரர்களின் ஆள்' என்கிறார்கள். முறிந்த மணிக்கட்டோடு நான் யாருடைய ஆளாக இருக்க முடியும்?

முதல் உரிமை என்று பேசுவதானால் அதை முழுமையாகப் பேசுவோம். நம் ஒற்றையடிப் பாதை நம் காலால் உண்டானதா? மேய்ச்சலுக்குப் போய் வந்த ஆடுகளின் குளம்பால் உண்டானது. நாம் ஓய்வுக்காக வருகிறோம், ஆடு மேய்ப்பவர் பிழைப்புக்காக வருகிறார். ஆனால் நடப்பவர் ஒரு பக்கமும் மிதிவண்டிக்காரர் ஒரு பக்கமும் நின்று நடத்திய எந்தக் கூட்டத்துக்கும் அவரை நாம் அழைத்ததில்லை. நாம் திறந்து போட்டுவிட்டுப் போகும் படலை அவர்தான் திரும்பி வந்து சாத்துகிறார். நம்மோடு வரும் நாய்கள் துரத்திக் கலைத்த குட்டிகளைத் தேடி அவர்தான் அலைகிறார்.

திங்கட்கிழமை அந்த மரத்தடியில் அவரைப் பார்த்தேன். தினமும் விடியுமுன் அந்த வளைவை முதலில் கடப்பவர் அவர். ஞாயிறன்று மட்டும் ஓர் ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்ததால் நேரங்கழித்து வந்ததாகச் சொன்னார்.