ட்ரோன் வந்தாச்சு, கப்பலை காயலாங்கடைக்கு போட்டுடலாமா?

எங்க ஊர் தஞ்சாவூர். காலையில மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கும்போது திடீர்னு வானம் கிழியுற மாதிரி ஒரு சத்தம் வரும், அண்ணாந்து பாக்குறதுக்குள்ள அது ஊரைத் தாண்டி போயிருக்கும். சுகோய். 2020 ஜனவரியில இங்க சுகோய்-30 போர் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்) வந்ததுல இருந்து இது பழகிப்போச்சு, பக்கத்து வீட்டு கைக்குழந்தை கூட இப்பல்லாம் அழுறதில்ல. போன வாரம் தங்கச்சி மாப்ளயோட டீக்கடையில நின்னுட்டு இருந்தப்ப அதே மாதிரி ஒண்ணு தலைக்கு மேல போச்சு. அவரு சிவில் கான்ட்ராக்ட் எடுத்து பண்றவரு, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் யூடியூப்ல போர் வீடியோ பாக்கலைன்னா தூக்கம் வராது. கிளாஸை கீழ வச்சுட்டு, "எல்லாம் தண்டச் செலவு மச்சான், இனிமே எல்லாம் ட்ரோன்தான். 20,000 டாலர் பொம்மை வந்து கப்பலையே முழுகடிக்குது, நாம இன்னும் பிளேன் வாங்குறோம், கப்பல் கட்டுறோம்"னாரு. அங்கயே பாதி சண்டை போட்டாச்சு, மீதியை இங்க எழுதுறேன். படிக்கிறவங்க அவசரப்படாம படிங்க, கொஞ்சம் நீளம்தான்.

மாப்ள ஆரம்பிச்சது எல்லாரும் ஆரம்பிக்கிற இடத்துலதான், மோஸ்க்வா. 186 மீட்டர் நீளம், சுமார் 12,500 டன், ரஷ்யாவோட கருங்கடல் படைக்கே தலைமைக் கப்பல். அதுல ஒரு வேடிக்கை என்னன்னா சோவியத் காலத்துல அந்த கப்பலைக் கட்டினதே உக்ரைன்ல இருக்குற மைக்கோலைவ் ஊர்லதான். 2022ல போர் ஆரம்பிச்சப்ப உக்ரைன்கிட்ட உருப்படியா இருந்த ஒரே பெரிய போர்க்கப்பலை ரஷ்யா கையில சிக்கக்கூடாதுன்னு அதே மைக்கோலைவ்ல அவங்களே முழுகடிச்சுட்டாங்க, ஆக கடற்படைன்னு சொல்லிக்க ஒண்ணுமில்லாத நாடு, கரையில ஒரு லாரி மேல இருந்து ரெண்டு நெப்டியூன் ஏவுகணையை விட்டு ஏப்ரல் 13ம் தேதி அதை அடிச்சுது, மறுநாள் கப்பல் அடியில போச்சு. ரஷ்யா அப்ப தீப்பிடிச்சுது, இழுத்துட்டு வரும்போது கடல் கொந்தளிச்சுதுன்னுதான் சொல்லுச்சு. ரெண்டுல எது பெரிய அவமானம்னு எனக்கு புரியல.

ஆனா ஒண்ணு. அது 1983ல படையில சேர்ந்த கப்பல். அது மேல ரெண்டு பக்கமும் வரிசையா தெரியுமே தடித்தடியா குழாய், அந்த 16 ஏவுகணையும் அமெரிக்க விமானந்தாங்கியை அடிக்கிறதுக்காக வச்சது. அந்த வேலைக்கு செஞ்ச கப்பலைக் கொண்டுவந்து உக்ரைனோட ஒடேசா துறைமுகக் கரைக்கு எதிர்ல வாரக்கணக்கா ரோந்து விட்டா, கரையில இருக்குறவன் சும்மாவா இருப்பான். அடிபட்ட பிறகு எடுத்த போட்டோ ஒண்ணு சுத்துச்சு பாருங்க, ஒரு பக்கமா சாஞ்சு, நடுவுல புகை, தண்ணி மட்டத்துல ஓட்டை. அதைப் பாத்து நான் எடுத்துக்கிட்டது ராடார் பாக்குறவன் தூங்கினதும், உள்ள தீயை அணைக்க முடியாம போனதும்தான். கப்பல்ங்கிற சாதியே செத்துப்போச்சுன்னு அதுல எங்கயும் எழுதியிருக்கல.

இந்த மரண அறிவிப்பு இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. 1967ல எகிப்தோட குட்டி ஏவுகணைப் படகு இஸ்ரேலோட எய்லாத் கப்பலை முழுகடிச்சப்ப பெரிய கப்பல் காலம் முடிஞ்சுதுன்னாங்க. 1982ல பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போட்ட ஃபாக்லாந்து தீவு சண்டையில ஒரே ஒரு எக்ஸோசெட் ஏவுகணை பட்டு பிரிட்டிஷ் ஷெஃபீல்டுல 20 பேர் செத்தப்பவும் அதேதான் சொன்னாங்க. ஆனா அந்த சண்டையில பிரிட்டிஷ்காரன் 12,000 கிலோமீட்டர் தாண்டி போய் தீவைப் பிடிச்சதும் கப்பல்லதான், கப்பல் இல்லாம அந்த சண்டையே இல்ல. 1971ல நம்ம ஏவுகணைப் படகு போய் பாகிஸ்தானோட கராச்சி துறைமுகத்தை அடிச்ச கதையும் அப்படித்தான், அதுல குட்டி படகு நம்ம பக்கம். அந்த வித்யுத் வகை படகுகளுக்கு அவ்ளோ தூரம் தானா போக எண்ணெய் பத்தாதுன்னு பாதி தூரம் பெரிய கப்பல் கட்டி இழுத்துட்டு போச்சு. இந்த இழுத்துட்டு போன விஷயத்தை மட்டும் யூடியூப்காரன் சொல்ல மாட்டான்.

சரி, மாப்ள பக்கம் ஞாயம் இருக்குற இடத்துக்கு வரேன். கடல் ட்ரோன். உக்ரைனோட மகுரா வி5னு ஒண்ணு, அஞ்சரை மீட்டர் நீளம், நம்ம கரையில கிடக்குற ஃபைபர் போட்டை விட சின்னது, 300 கிலோ சொச்சம் வெடிமருந்து, சேட்டிலைட் நெட்டு வழியா எங்கயோ உக்காந்து ஒருத்தன் ஓட்டுறான். 2024 பிப்ரவரி 1ம் தேதி இவானோவெட்ஸ், 14ம் தேதி சீசர் குனிகோவ், மார்ச் மாசம் செர்கேய் கோட்டோவ்னு ரஷ்யக் கப்பலை வரிசையா அடிச்சாங்க. ரஷ்யா தன்னோட முக்கியமான கப்பலையெல்லாம் கிரிமியாவுல இருக்குற செவஸ்தபோல்ல இருந்து எடுத்துட்டு நோவரஸிஸ்க் பக்கம் ஒதுங்கிடுச்சு, ஒடேசாவுல இருந்து தானியக் கப்பல் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. கடற்படையே இல்லாத நாடு ஒரு கடற்படையை மூலையில தள்ளினது சரித்திரத்துல சாதாரண விஷயம் இல்ல, இதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

ஆனாலும் தெருவை மறிச்சு கல்லைப் போடுறது வேற, அந்த தெருவுல நாம வண்டி ஓட்டிட்டு போறது வேற. ரஷ்யாவை அந்த பக்கம் வரவிடாம பண்ண உக்ரைனால முடிஞ்சுது, ஆனா ட்ரோனை வச்சுக்கிட்டு நாலு கப்பல்ல ஆளை ஏத்தி கிரிமியாவுல இறக்க முடியல. கருங்கடல் வேற ஒரு பெரிய குளம் மாதிரி, எங்க நின்னாலும் ஏதோ ஒரு கரை பக்கம்தான். இந்தியப் பெருங்கடல் அப்படியா?

இதுக்கெல்லாம் மேல என்னை ரொம்ப யோசிக்க வச்சது செங்கடல். 2023 அக்டோபர் 19ம் தேதி அமெரிக்காவோட கார்னி கப்பல் ஏமன்ல இருந்து ஹூதி கிளர்ச்சிப்படை விட்ட ஏவுகணையையும் ட்ரோனையும் சுட்டு வீழ்த்துச்சு, அங்க ஆரம்பிச்சுது. அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல மாத்தி மாத்தி வந்துட்டே இருந்துச்சு, ட்ரோன், க்ரூஸ், அதுவரைக்கும் யாரும் கப்பல் மேல போர்ல பிரயோகிக்காத பாலிஸ்டிக் ஏவுகணை வரைக்கும். ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் கூட முழுகல. மாப்ள சொல்ற கணக்குப்படி பாத்தா எப்பவோ எல்லாம் அடியில போயிருக்கணும். 2024 ஜனவரி கடைசியில ஒரு ஏவுகணை கிரேவ்லி கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு மைல் பக்கத்துல வந்துடுச்சு, கடைசி காவல்னு வச்சிருக்குற ஃபேலங்க்ஸ் துப்பாக்கி கொட்டோ கொட்டுன்னு கொட்டி அதை வீழ்த்துச்சு. ஆக கப்பல் வேலை செஞ்சுது. ஆனா எந்த விலைக்கு? அவங்க விடுற எஸ்எம்-2 ஏவுகணை ஒண்ணு ஏறக்குறைய 20 லட்சம் டாலர், எதிர்ல வர்ற ட்ரோன் சில ஆயிரம் டாலர். பணத்தை விட பெரிய தலைவலி இருப்பு. கார்னி, கிரேவ்லி மாதிரி ஒரு அர்லீ பர்க் வகை கப்பல்ல ஏவுகணை வைக்கிற குழி 90ல இருந்து 96தான், தீந்துபோச்சுன்னா நடுக்கடல்ல நிரப்ப முடியாது, துறைமுகத்துக்கு போய் கிரேன் வச்சு ஒண்ணு ஒண்ணா இறக்கணும் (கடல்லயே நிரப்புறதுக்கு ஒரு புது கருவியை 2024 அக்டோபர்லதான் கடல்ல சோதனை பண்ணி பாத்தாங்க). கல்யாண பந்தியில இலை போட்டு ஆள் உக்காந்துட்டே இருக்கான், உள்ள அண்டாவுல சாம்பார் அடி தட்டுதுன்னா சமையக்காரனுக்கு எப்படி இருக்கும், அந்த கேப்டனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதுல கூத்து, அமெரிக்காவோட ட்ரூமன் விமானந்தாங்கி. ஹூதி அதுல இருந்த ஒரு ஃபைட்டரைக் கூட சுட்டு வீழ்த்தல. ஆனாலும் 3 சூப்பர் ஹார்னெட் போச்சு. ஒண்ணை கூட வந்த கெட்டிஸ்பர்க் கப்பலே எதிரின்னு நினைச்சு சுட்டுடுச்சு, இன்னொண்ணு உள்ள ட்ராக்டர் கட்டி இழுத்துட்டு இருக்கும்போது ட்ராக்டரோட சேர்ந்து கடல்ல விழுந்துச்சு, மூணாவது இறங்கும்போது பிடிச்சு நிறுத்துற கம்பி சரியா பிடிக்காம தண்ணிக்குள்ள போச்சு. ஒவ்வொண்ணும் 6 கோடி டாலருக்கு மேல. மாசக்கணக்கா தூக்கமில்லாம உக்காந்திருக்குற மனுஷனுக்கு வர்ற களைப்பை எந்த யூடியூப் கணக்குலயும் யாரும் சேக்குறதில்ல. ஹூதி கடைசியில ஜெயிச்சது கப்பலை முழுகடிச்சு இல்ல, கன்டெய்னர் கம்பெனியெல்லாம் பயந்து ஆப்பிரிக்காவை சுத்தி போக ஆரம்பிச்சுதே, அதுலதான்.

அதே கடல்ல நம்ம நேவி என்ன பண்ணுச்சுன்னும் பாருங்க. 2024 மார்ச்ல ரூயன்னு ஒரு சரக்கு கப்பலை சோமாலியா கொள்ளைக்காரங்க பிடிச்சு வச்சிருந்தாங்க, ஐஎன்எஸ் கொல்கத்தா நம்ம கரையில இருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி போய் மறிச்சுது, சி-17 விமானத்துல இருந்து கமாண்டோக்களை கடல்ல இறக்கினாங்க, 40 மணி நேரம், 35 கொள்ளைக்காரங்க சரண்டர், 17 மாலுமிங்க மேல கீறல் இல்லாம வெளிய வந்தாங்க. இதை எந்த ட்ரோன் பண்ணும் மாப்ள? எரியுற கப்பலுக்கு தீயணைக்க ஆள் அனுப்புறதும், கயிறு போட்டு ஏறுறதும், கையைத் தூக்குன்னு சொல்றதும் அங்க போய் நிக்கிற கப்பலால மட்டும்தான் ஆகும்.

கடல்ல ஒளிய முடியாதுங்கிறது மட்டும் நெஜம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்கைக் கொளுத்திட்டு தப்பிச்சு போய் அதுக்கப்புறமும் ஒன்றரை மாசத்துக்கு மேல இந்தியப் பெருங்கடல்ல ஆட்டம் காட்டுச்சு, அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊர்ல விவகாரமான ஆளை "சரியான எம்டன்"ங்கிறோம். இன்னைக்கு எம்டன் வந்தா நாகப்பட்டினம் தாண்டுறதுக்குள்ள சேட்டிலைட் போட்டோ ட்விட்டர்ல வந்துடும். ஆனா போட்டோவுல பாக்குறது வேற, அடிக்கிறது வேற, 30 நாட் வேகத்துல ஓடுற விமானந்தாங்கி ஒரு நாள்ல 1,300 கிலோமீட்டர் தள்ளி போயிருக்கும்.

பிளேனுக்கு வரேன். மாப்ள ரொம்ப பெருமையா சொன்னது 2025 ஜூன் 1ம் தேதி சம்பவம், உக்ரைனோட ஸ்பைடர்வெப் தாக்குதல். மரப்பெட்டி வீட்டுக்குள்ள ட்ரோனை ஒளிச்சு, லாரியில ஏத்தி, ரஷ்யாவுக்குள்ளயே கொண்டுபோய், விமானதளத்துக்கு பக்கத்துல கூரையைத் திறந்து விட்டாங்க. 117 ட்ரோன். சைபீரியாவுல இருக்குற பெலாயா தளம் உக்ரைன்ல இருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல, அங்க வரைக்கும் அடி. 41 விமானம்னு உக்ரைன் சொல்லுச்சு, சேட்டிலைட் படத்துல சாம்பலாகி தெரிஞ்சது அதை விட கம்மி. ஆனா எரிஞ்சது டியூ-95, டியூ-22 மாதிரி இப்ப யாரும் புதுசா செய்யாத குண்டு விமானம், போனா போனதுதான். இதுல நான் கவனிச்சது, அந்த விமானம் எதுவும் பறந்துட்டு இல்ல. வெட்டவெளியில வரிசையா நிறுத்தி வச்சிருந்துச்சு, அதுக்கு முன்னாடியே ட்ரோனை ஏமாத்துறேன்னு சில விமானத்தோட றெக்கை மேல பழைய டயரை அடுக்கி வச்சிருந்தாங்க. கோடிக்கணக்குல பிளேன் வாங்குவான், மேல ஒரு கான்கிரீட் கூரை போட காசு இருக்காது. காரை வாங்கிட்டு வேப்பமரத்தடியில நிறுத்துற நம்ம பழக்கம்தான்.

அதே மாசம் 22ம் தேதி என்ன நடந்துச்சு? அமெரிக்கா 7 பி-2 குண்டு விமானத்தை அனுப்பி ஈரான்ல ஃபோர்டோ, நதான்ஸ்னு ரெண்டு அணு நிலையத்துலயும் 14 குண்டு போட்டுச்சு, ஒவ்வொண்ணும் சுமார் 13,600 கிலோ. மலைக்கு அடியில இருக்குறதை அடிக்க வேற எந்த சாமானும் கிடையாது. அதுக்கு முந்தின ஒன்பது நாளா இஸ்ரேலோட ஃபைட்டர் டெஹ்ரான் மேல போய் வந்துட்டு இருந்துச்சு, ஆனா அதுக்கு கதவைத் திறந்துவிட்டதுல ஈரானுக்குள்ளயே ரகசியமா கொண்டுபோய் வச்சிருந்த ட்ரோனுக்கும் பங்கு உண்டு. ட்ரோன் பூட்டை உடைக்கும், சாமானைத் தூக்கிட்டு வர பிளேன் வேணும். உக்ரைன்ல ரெண்டு பக்கமும் தரையில ஏவுகணை அடர்த்தியா இருக்கு, எந்த பிளேனும் எதிரி தலைக்கு மேல போக முடியல, அங்க கூட ரஷ்யாவோட சு-34 பல மைல் தள்ளி நின்னு விடுற றெக்கை வச்ச குண்டுதான் ஊர் ஊரா அழிச்சிட்டு இருக்கு.

எங்க தஞ்சாவூர் சுகோய் கதையும் அதுதான். அது அடியில தொங்குற பிரம்மோஸ் ஏவுகணை ஒண்ணே 2,500 கிலோ. 20,000 டாலர் ட்ரோன் அதை எங்க தூக்குறது? இந்தியப் பெருங்கடலுக்குள்ள நெடுந்தூரம் போய் அதை விட்டுட்டு திரும்பி வர ஒரு பெரிய லாரி வேணும், சுகோய் அந்த லாரி. 2025 மே மாசம் பாகிஸ்தானோட நடந்ததும் அப்படித்தான், ரெண்டு பக்க ஃபைட்டரும் அவங்கவங்க எல்லைக்குள்ள இருந்துக்கிட்டே நூறு கிலோமீட்டருக்கு மேல ஏவுகணையை விட்டுக்கிட்டாங்க. நமக்கும் இழப்பு உண்டுன்னு அப்ப நம்ம சிடிஎஸ்ஸா (முப்படைத் தலைமைத் தளபதி) இருந்த அனில் சௌகானே சிங்கப்பூர்ல சொன்னாரு, எத்தனைன்னு சொல்லல. ரெண்டு நாட்டு வாட்ஸாப் கணக்கையும் கூட்டினா ரெண்டு நாட்டுலயும் ஒரு பிளேன் கூட மிச்சம் இருக்காது. ஆனா நாலு நாள்லயே வியூகத்தை மாத்தி 10ம் தேதி தூரத்துல இருந்து பிரம்மோஸால விமானதளத்தை அடிச்சாங்களே, அதைத்தான் பாக்கணும். எதிர்ல வந்த ட்ரோன் கூட்டத்தை அடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? எஸ்-400ங்கிற வான்காப்பு ஏவுகணை பேருதான் டிவியில வந்துச்சு, நெறைய ட்ரோனை வீழ்த்துனது அறுபதுகள்ல வாங்கி அப்புறம் புதுப்பிச்ச எல்-70 பீரங்கி. தாத்தா காலத்து சாமான், குண்டு மலிவு.

அதனால எனக்கு கோபம் பிளேன் மேலயும் இல்ல கப்பல் மேலயும் இல்ல, வாங்குற விதத்து மேல. விக்ராந்த் விமானந்தாங்கியைக் கட்ட சுமார் 20,000 கோடி ஆச்சு, அது மேல நிக்க 26 ரஃபேல் மரைன் போர் விமானத்துக்கு சுமார் 63,000 கோடிக்கு ஒப்பந்தம். ஏர்ஃபோர்ஸுக்கு 42 ஸ்குவாட்ரன் வேணும்னு கணக்கு, 2025 செப்டம்பர்ல மிக்-21க்கு விடை கொடுத்த பிறகு 29தான் நிக்குது. இவ்ளோ விலையில இவ்ளோ கம்மியா வச்சிருந்தா ஒண்ணை இழக்கவே கை நடுங்கும், சண்டைக்கு அனுப்பவே யோசிப்பான். அந்த ஃபாக்லாந்து சண்டையில அர்ஜென்டினாவோட பெல்கிரானோ கப்பல் 323 பேரோட முழுகின பிறகு அவங்களோட ஒரே விமானந்தாங்கி துறைமுகத்துக்குள்ள போனது சண்டை முடியுற வரைக்கும் வெளிய தலை காட்டவே இல்ல, அப்புறம் அது இருந்து என்ன பிரயோஜனம். என்னைக் கேட்டா மூணாவது விமானந்தாங்கியை இப்போதைக்கு ஒத்திப்போடலாம், அந்த காசுல குழி நெறைய ஏவுகணை, ட்ரோனை அடிக்க மலிவா பீரங்கி, மலிவா நம்மளோட சொந்த ட்ரோன், அப்புறம் நாடு முழுக்க எல்லா விமானதளத்துலயும் ஒவ்வொரு பிளேனுக்கும் தலைக்கு மேல கெட்டியா ஒரு கூரை.

இதையெல்லாம் அங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. மாப்ள ஒத்துக்கிட்டாரான்னா இல்ல, மொபைலை எடுத்து ஏதோ தட்டிட்டு இருந்தாரு. என்னன்னு எட்டிப் பாத்தா கால்குலேட்டர். "ஒரு ஷெட்டுக்கு எத்தனை டன் கம்பி இறங்கும் மச்சான், டெண்டர் டெல்லியில விடுவாங்களா இல்ல இங்கயேவா?"ன்னு கேக்குறாரு.